கொட்டகை வாசலில் மிஞ்சிய கொடுவாள்

பொள்ளாச்சி டாக்கீஸில் மெஷின் ஓட்டும் பையன்கள் இரண்டு பேர் போன வாரம் என்னைப் பார்க்க வந்தார்கள். அங்கே கொள்ளைக் கூட்டத்துப் படம் ஒன்று ஓடுகிறதாம். அப்பனைக் கொன்றவனை மகன் தேடிப்போய்ச் சுடுகிறானாம். "இந்த மாதிரிப் படமெல்லாம் உங்க காலத்துல ஏதுங்க?" என்றான் ஒருவன்.

அந்த மாதிரிப் படத்தை நான் ஓட்டியிருக்கிறேன். முன்னாலும் ஓட்டியிருக்கிறேன். பின்னாலும் ஓட்டியிருக்கிறேன்.

அதை எழுதித் தரச் சொன்னார்கள். நான் நாலாவது வரை படித்தவன். வந்தவரை எழுதுகிறேன்.

என் ஊர் முதலமடைக்குக் கிழக்கே. கடலைக்காடும் பனையும்தான். பதினெட்டு வயதில் ஒரு டூரிங் கொட்டகையில் சேர்ந்தேன். முதல் வருஷம் கொட்டகைக் கயிற்றுக்கு முளை அடித்தேன். இரண்டாம் வருஷம் ஆயில் எஞ்சினுக்குத் தண்ணீர் ஊற்றினேன். மூன்றாம் வருஷம் மெஷின் ஓட்டுகிறவர் கையைச் சுட்டுக்கொண்டு ஊருக்குப் போய்விட்டார். கைப்பிடியை நான் பிடித்தேன். படித்த பாடம் அவ்வளவுதான்.

அப்போது படம் பேசாது. மோட்டார் கிடையாது. கையால்தான் சுற்ற வேண்டும். ஒரு வினாடிக்கு இரண்டு சுற்று. வேகமாகச் சுற்றினால் திரையில் பிணத்தைத் தூக்கிப் போகிறவர்கள்கூட ஓட்டப்பந்தயம் ஓடுவார்கள். மெதுவாகச் சுற்றினால் சூடு ஏறும். சுற்றுவதை நிறுத்தினால் தீர்ந்தது. வெளிச்சத்துக்கு முன்னால் படம் ஒரு மூச்சு நின்றாலும் தீப்பிடிக்கும். அதனால் கையை நிறுத்துவதற்கு முன் விளக்குக்குத் தகர மூடியைப் போட வேண்டும். மெஷினுக்கு வலப்பக்கம் மணல் வாளி. இடப்பக்கம் நனைத்த சாக்கு. வலது கை சுற்ற, இடது கை அவ்வப்போது கார்பன் குச்சிகளை நெருக்கிவிடும். மூக்கு அரித்தால் அரித்துக்கொண்டே இருக்கும்.

மெஷின் ஒன்றுதான். ஒரு ரீல் முடிந்ததும் பெட்ரோமாக்ஸை ஏற்றி, அடுத்த ரீலை மாட்டுவோம். ஓடி முடித்த ரீலில் படத்தின் கடைசிப் பகுதி வெளியே இருக்கும். அதை மறுபடி முதலிலிருந்து ஓட்ட வேண்டுமானால் திருப்பிச் சுற்றி வைக்க வேண்டும். அது சுப்பன் வேலை. டிக்கெட் கிழிப்பதும் அவன்தான்.

முதலாளி பெயர் துரைராஜ். அண்ணாச்சி என்போம். அவருடைய அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து மூணாறு எஸ்டேட்டுக்குப் போன கங்காணி. விடியற்காலையில் மஸ்டர் என்கிற ஆள்கணக்கு எடுக்கும்போது பெயர் கூப்பிட்டால் எதிர்மலையில் இருக்கிறவன் "ஏன்" என்பானாம். அந்தத் தொண்டை மகனுக்கும் வாய்த்திருந்தது. கருப்புக் கோட்டு போட்டு, கையில் மூங்கில் கழியோடு திரைக்கு அருகில் நின்று கதை சொல்வார். துப்பாக்கி வெடிக்கும்போது கழியால் பலகையில் அடிப்பார். முன்வரிசையில் குழந்தைகள் அழும்.

வெள்ளைக்காரப் படத்தில் வரும் ஆட்களின் பெயர் நம் ஜனங்களுக்கு வாயில் நுழையாது. அண்ணாச்சி அதற்கு ஒரு வழி வைத்திருந்தார். எந்த ஊரில் கொட்டகை போட்டாலும் முதலில் ஒரு கடைக்குப் போய் வெற்றிலை வாங்குவார். அந்த ஊர்ப் பெயர்கள் சிலவற்றைக் கேட்டுக்கொண்டு வருவார். படத்தில் உள்ளவர்களுக்கு அந்தப் பெயர்களை வைத்துவிடுவார். ஜனங்கள் கைதட்டுவார்கள். "பேரு இல்லாதவன் மனுசன் இல்லலே. மஸ்டர்ல பேரு இருந்தாத்தான் அவன் வேலைக்கு வந்தான்னு அர்த்தம்" என்பார்.

பேச்சு அவருக்கு, வேலை எனக்கு. ஒரே ஒரு முறை அவரிடம் அறை வாங்கினேன். குளத்தில் குதிக்கிற ஒருவனைப் பற்றிய சின்னப் படம் எங்களிடம் இருந்தது. ஒருநாள் விளையாட்டாகக் கைப்பிடியை எதிர்ப்பக்கம் சுற்றினேன். அவன் தண்ணீரிலிருந்து காலை மேலே தூக்கிப் பறந்து வந்து கரையில் நின்றான். கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. ஆட்டம் முடிந்ததும் அண்ணாச்சி ரீலை எடுத்து, படத்தின் ஓரத் துளைகளைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே போனார். கிழிந்த இடம் வந்ததும் நின்றார்.

"இது என்னது?"

"கிழிசலுங்க."

"ஏன் கிழிஞ்சுது?"

"திருப்பிச் சுத்தினேனுங்க."

அப்போதுதான் அறைந்தார். பிறகு பசைக்குப்பியைக் கையில் கொடுத்தார். கிழிந்ததை எல்லாம் நானே உட்கார்ந்து ஒட்டினேன். அவர் எதிரே இருந்து பார்த்தார். அதுதான் அறையைவிட வலித்தது.

எழுத வந்த விஷயத்துக்கு வருகிறேன்.

அமெரிக்காப் படம் ஒன்று வந்தது. எட்டு ரீல். ஒரு கொள்ளைக் கூட்டத்தில் இரண்டு கூட்டாளிகள். ஒருவன் மற்றவனைத் தெருவில் வைத்துச் சுட்டுவிடுகிறான். செத்தவனுக்குச் சின்னப் பையன். அவன் வளர்ந்து ஆளாகி, கடைசி ரீலில் அப்பனைக் கொன்றவனைச் சுடுகிறான். "அப்பன் மகன் பழி" என்று அண்ணாச்சி நோட்டீஸ் அடித்தார்.

எங்கள் ஊருக்கு முப்பது கல் தள்ளி ஒரு ஊரில் கொட்டகை போட்டோம். ஊர்ப் பெயர் வேண்டாம். அண்ணாச்சி வழக்கம்போல வெற்றிலைக் கடைக்குப் போனார். "ஒரு அப்பன், ஒரு மகன், ஒரு எதிரி. மூணு பேரு சொல்லுமய்யா. ஊருக்கே தெரிஞ்ச பேரா இருக்கணும்" என்று கேட்டிருக்கிறார். கடைக்காரர் யோசிக்கவே இல்லையாம். "கருப்பண்ணன், மாரப்பன், நாச்சிமுத்துங்க" என்றாராம்.

அந்த ஊர் ஆண்கள் முக்கால்வாசிப் பேர் பனையேறிகள். இடுப்பில் கொடுவாள் இல்லாமல் நடக்கமாட்டார்கள். கொட்டகைக்குள் கொடுவாள் கூடாது என்பது எங்கள் சட்டம். வாசலில் சுப்பனிடம் கொடுத்துவிட்டு உள்ளே போக வேண்டும். ஆட்டம் முடிந்ததும் வாங்கிக்கொள்ளலாம். அன்று வாசலில் கொடுவாள் விறகு மாதிரிக் குவிந்து கிடந்தது.

இருட்டத் தொடங்கியதும் ஆரம்பித்தோம். அண்ணாச்சி கழியை நீட்டினார். "இவருதான் கருப்பண்ணன்! அந்தா, கருப்புத் தொப்பி போட்டவரு நாச்சிமுத்து!"

மற்ற ஊர்களில் இந்த இடத்தில் கைதட்டல் வரும். இங்கே சத்தமே இல்லை. எஞ்சின் ஓசை மட்டும் கேட்டது.

இரண்டாம் ரீலின் கடைசியில் கருப்பண்ணன் வாசலில் தன் பையனைத் தூக்கிக் கொஞ்சிவிட்டு, தெருவில் இறங்கி நடந்தான். நாச்சிமுத்து சுட்டான். பலகையில் அடி விழுந்தது. ஒரு குழந்தைகூட அழவில்லை.

ரீல் மாற்றும்போது அண்ணாச்சி என்னிடம் வந்தார். முகம் பூரித்திருந்தது. "பாத்தியாலே? கதையில முங்கிட்டானுவ. இந்த மாதிரிக் கூட்டத்த நான் பாத்ததே இல்ல."

நானும் பார்த்ததில்லை. நல்ல கூட்டம் என்றுதான் நினைத்தேன்.

ஆறாம் ரீல் முடிந்து விளக்கு ஏறியபோது சுப்பன் ஓடி வந்தான். வேட்டி நனைந்த மாதிரி காலில் ஒட்டியிருந்தது.

"அண்ணா, ஒருத்தன் வந்து கொடுவாளக் கேக்கறானுங்க. குடுக்க மாட்டேன்னுட்டேன்."

"ஏன்? வெளிய போறவனுக்குக் குடுக்க வேண்டியதுதானே?"

"அவன் பேரு மாரப்பனுங்க."

எனக்குப் புரியவில்லை. சுப்பன் பெஞ்சுப் பக்கம் கண்ணைக் காட்டினான். மூன்றாவது பெஞ்சில் உருமால் கட்டிய பெரியவர் ஒருவர் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். அவருக்கு இரண்டு பக்கமும் இடம் காலியாக இருந்தது. மற்ற பெஞ்சுகளில் ஜனங்கள் ஒருவர் மடியில் ஒருவர் உட்காராத குறை.

"அவருதான் நாச்சிமுத்துங்க. இவன்ர அப்பன் கருப்பண்ணன வாய்க்கால் தண்ணித் தகராறுல மம்பட்டியால அடிச்சுக் கொன்னது அவரு. செயிலுக்குப் போயிட்டு வந்தும் வருசமாச்சுங்களாம். அப்ப இவன் கைக்கொழந்தை. பையன் தலையெடுத்துப் பாத்துக்குவான்னு சொல்லிச் சொல்லியே வளத்திருக்கறாங்க. வாசல்ல தண்ணி விக்கற அம்மா இப்பத்தான் சொல்லுச்சு."

"இப்ப அவன் எங்கே?"

"வாசல்லயே நிக்கறான். படம் முடிஞ்சாத்தான் குடுப்பேன்னேன். செரி, முடியட்டும்னுட்டான்."

சுப்பனை வாசலுக்கு அனுப்பினேன். குவியல் மேல் சாக்கைப் போட்டு ஏறி உட்காரச் சொன்னேன். அவன் கிடைத்த இடத்தில் படுத்துத் தூங்குகிற ஆள். அன்று நிமிர்ந்து உட்கார்ந்தான்.

அண்ணாச்சி திரைக்குப் பின்னால் சுக்குத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். சொன்னேன். குவளையைக் கீழே வைத்தார்.

"பேரை மாத்திரலாமுங்களா?" என்றேன்.

"ஆறு ரீலா கூப்பிட்ட பேருலே. இனி மாத்துனா ஊரே சேர்ந்து நம்மள வெட்டும்."

"நிறுத்திட்டா?"

"கொட்டகையக் கொளுத்துவானுவ."

"கடைசிய மட்டும் காட்டாம உட்டா?"

"கடைசிய அவன் வெளிய வச்சுக் காட்டிருவான்."

கூட்டம் விசில் அடிக்க ஆரம்பித்தது. நான் தலையைச் சொறிந்தேன். "அண்ணாச்சி, திருப்பிச் சுத்தட்டுங்களா?"

அவர் என் முகத்தைப் பார்த்தார். அறை விழும் என்று நினைத்தேன்.

"கிழியும்லா?"

"கிழியுமுங்க."

"சுட்டதும் உடனே மூடியப் போடாத. அவன் விழணும். விழுந்தாத்தான் எந்திரிக்க முடியும்." கோட்டுப் பித்தானைப் போட்டுக்கொண்டு திரை முன்னால் போய்விட்டார்.

ஏழாம் ரீல் ஓடியது. எட்டாம் ரீலை மாட்டினேன். திருப்பி ஓட்டுவது சும்மா கையை மாற்றுவது அல்ல. முன்னால் ஓடும்போது கீழ்ச்சக்கரம் தானாகச் சுற்றிக்கொள்ளும். திருப்பினால் அதன் தோல் வாரைக் கழற்றிவிட வேண்டும். மேல் சக்கரத்தைக் கையால் சுற்ற வேண்டும். இல்லாவிட்டால் படம் குடல் சரிந்த மாதிரி மெஷினுக்குள் கொட்டும், தீயும் பிடிக்கும். வழக்கமாகச் சுப்பன் மேல் சக்கரத்தைப் பிடித்திருக்கலாம். அவன் கொடுவாள் மேல் உட்கார்ந்திருந்தான். என் இரண்டு கையும் போதாது. கார்பன் குச்சிகளை முன்கூட்டியே நன்றாக நெருக்கி வைத்தேன். அது இரண்டு நிமிஷம் தாங்கினால் ஊர் தாங்கும்.

படத்தில் மகன் மாடிப்படி ஏறினான். கதவைத் திறந்தான். நாச்சிமுத்து நாற்காலியிலிருந்து எழுந்தான். அண்ணாச்சி தொண்டையைத் திறந்தார்.

"மாரப்பன் கேக்கான்: எங்கப்பன எங்கய்யா?"

கொட்டகைக்குள் முந்நூறு தலைகள். பாதி திரையைப் பார்த்தன. பாதி பெஞ்சில் இருந்த பெரியவரைப் பார்த்தன. பலகையில் அடி விழுந்தது. புகை வந்தது. படத்து நாச்சிமுத்து விழுந்தான்.

மூடியைப் போட்டேன். திரை இருண்டது. வாரைக் கழற்றினேன். வாசல் பக்கம் சுப்பன் "இரு, இரு, இன்னும் முடியல" என்று கத்துவது கேட்டது. இடது கையை மேல் சக்கரத்தில் வைத்தேன். மூடியைப் பல்லால் கடித்துத் தூக்கினேன். உதடு பொசுங்கியது. எதிர்ப்பக்கம் சுற்றினேன்.

விழுந்தவன் எழுந்தான்.

"பாருங்க! நாச்சிமுத்து எந்திரிக்காரு!" அண்ணாச்சி கழியால் கூரையையே குத்திவிடுவார் போல இருந்தது. "குண்டு துப்பாக்கிக்குள்ள திரும்பிப் போகுது! பொகையும் போகுது! மாரப்பன் துப்பாக்கியச் சட்டைக்குள்ள வக்கான். கதவச் சாத்துதான். பின்னங்காலாலேயே படி இறங்குதான். எங்கலே போற? வீட்டுக்குப் போறேன்யா, சோறு ஆறிப்போகும்!"

யாரும் அசையவில்லை.

அப்போது பெண்கள் பக்கத்தில் ஒருத்தி சிரித்தாள். அடக்கப் பார்த்து முடியாமல் வருகிற சிரிப்பு. பக்கத்தில் ஒருத்தி சேர்ந்துகொண்டாள். அப்புறம் கொட்டகை முழுக்கச் சிரித்தது. முதலில் சிரித்தது மாரப்பனின் தாய் என்று எனக்குப் பிறகுதான் தெரியும்.

அந்த அம்மா எழுந்து நின்றாள். சிரிப்பு அப்படியே நின்றது.

"ஏனுங்க, கதை சொல்றவரே! கொன்னவரை எழுப்பிப்போட்டீங்க. எங்கூட்டுக்காரரை ஆரு எழுப்பறது?"

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். மெஷின் இருந்த இடம் அவருக்கு இருட்டு. இருந்தாலும் பார்த்தார். "பழனி! ரெண்டாம் ரீலு!"

சுப்பன் அன்று வாசலை விட்டு நகரவில்லை. அதனால் ஒரு ரீலையும் அவன் திருப்பிச் சுற்றி வைக்கவில்லை. இரண்டாம் ரீலின் கடைசிப் பகுதி வெளியேதான் இருந்தது. அவன் ஒழுங்காக வேலை செய்திருந்தால் இந்தக் கட்டுரை வேறு மாதிரி முடிந்திருக்கும். தகரப் பெட்டிகளைத் தள்ளித் தேடி எடுத்தேன். மாட்டினேன். கார்பனை நெருக்கினேன். சுற்றினேன்.

தெருவில் ஒருவன் செத்துக் கிடந்தான். எழுந்தான். கீழே கிடந்த தொப்பி துள்ளித் தலையில் ஏறியது. பின்னாலேயே நடந்து வீட்டு வாசலுக்கு வந்தான். அங்கே சின்னப் பையன் கையை நீட்டிக்கொண்டு நின்றான். அவனைத் தூக்கிக்கொண்டான்.

அண்ணாச்சி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அவர் கதை சொல்லாமல் நின்றதை அந்த ஒரு தடவைதான் பார்த்தேன்.

மூன்றாவது பெஞ்சுப் பெரியவர் எழுந்தார். உருமாலை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். பின்னால் இருந்தவர்கள், "உக்காருங்கண்ணா, மறைக்குது!" என்று சத்தம் போட்டார்கள். அவர் உட்காரவில்லை.

பையன் தோளில் இருக்கும்போதே மூடியைப் போட்டேன். அதற்கு மேல் சுற்றவில்லை.

விளக்கு ஏறியது. ஜனங்கள் வாசலுக்குப் போனார்கள். "அது என்ரது", "இது உன்ரது" என்று கொடுவாள்களைப் பொறுக்கினார்கள். மாரப்பன் வாசலுக்கு அருகே, திரை தெரிகிற இடத்தில், மண்ணில் குந்தியிருந்தான். அவன் தாய் வந்ததும் எழுந்தான். அவள் கையில் இருந்த அரிக்கேன் விளக்கை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தான். பெரியவர் கடைசி ஆளாக வெளியே வந்து வேறு வழியாகப் போனார்.

ஒதுக்கிப் போட்டிருந்த சாக்கைத் தூக்கியபோது அடியில் ஒரு கொடுவாள் மிஞ்சியிருந்தது.

அண்ணாச்சி இரண்டு ரீலையும் எடுத்துத் துளைகளைத் தடவினார். நிறையக் கிழிந்திருந்தது. பசைக்குப்பிக்கு நானே கையை நீட்டினேன். அவர் கொடுக்கவில்லை. என் எதிரே உட்கார்ந்து அவரே ஒட்ட ஆரம்பித்தார். "நீ ஒதட்டுக்கு வெண்ணெய் போடுலே" என்றார்.

மறுநாள் காலையில் வெற்றிலைக் கடைக்குப் போனோம். அண்ணாச்சி அந்தக் கடைக்காரர் கழுத்தைப் பிடிக்காத குறை.

"யோவ், ஏன்யா இப்படிச் செஞ்சீரு?"

"நீங்கதானுங்களே ஊருக்கே தெரிஞ்ச பேரு வேணும்னீங்க. இந்த ஊர்ல அதை உட்டா வேற எந்தப் பேரு எல்லாத்துக்கும் தெரியும்?"

வெற்றிலை மட்டும் வாங்கிக்கொண்டு வந்தோம்.

அன்று மாலை வேறு பெயர் வைப்பதாக இருந்தோம். ஊரில் நாலு பேர் கூடி வந்தார்கள். பெயரை மாற்றக் கூடாது, கடைசியில் திருப்பிச் சுற்ற வேண்டும் என்றார்கள். நாச்சிமுத்துவும் அவர்களோடு வந்திருந்தார். "உங்களுக்குச் சம்மதமா?" என்று அண்ணாச்சி அவரிடம் கேட்டார். "கருப்பண்ணன் எந்திரிக்கறதுதானுங்களே வேணும். அப்படியே இருக்கட்டும்" என்றார். நாலு நாளைக்கு என்று போட்ட கொட்டகை இருபத்தொரு நாள் நின்றது. மாரப்பனின் தாய் அதில் பாதி நாட்களாவது வந்திருப்பாள். இரண்டாம் ரீல் துளையெல்லாம் போய், ஒட்டு மேல் ஒட்டாகிவிட்டது. படம் கொடுத்தவர்கள் அதைப் பற்றி அண்ணாச்சிக்கு ஒரு கடுதாசி எழுதினார்கள். அதை அவர் எனக்குப் படித்துக் காட்டவில்லை.

மாரப்பனும் நாச்சிமுத்துவும் பேசிக்கொண்டார்களா என்று எனக்குத் தெரியாது. வெட்டிக்கொள்ளவில்லை. அதுவரை தெரியும்.

கொட்டகையைப் பிரித்த அன்று முளை பிடுங்க மாரப்பனும் வந்தான். நல்ல கை. நாங்கள் இரண்டு பேர் அசைக்கிற முளையை ஒருவனாகப் பிடுங்கினான். கடைசியில், அன்று மிஞ்சிய கொடுவாளை எடுத்து நீட்டினேன்.

"உன்னுது."

"தெரியுமுங்க. புதுசு ஒண்ணு அடிச்சுப்போட்டேன். பனை ஏற அது போதும்."

"இதை என்ன செய்யறது?"

"கவுறு அறுக்க வெச்சுக்குங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த முளைக்குப் போனான்.

அதில் கயிறு அறுத்தோம். கொட்டகை போன பிறகு என் வீட்டுக்கு வந்தது. பிடி இரண்டு தடவை மாற்றினேன். போன வாரம் வந்த பையன்களுக்கு அதில்தான் இளநீர் சீவிக் கொடுத்தேன். "நல்லா வெட்டுதுங்க" என்றான் ஒருவன்.

இளநீர் நன்றாக வெட்டும் என்றேன்.